குதிரைவாலியை அரசே வாங்க வேண்டும்

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தின் மானாவாரிக் கரிசல் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியே விதைக்கப்படுகிறது. குண்டாற்றில் ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான். கண்மாய்கள் பலவற்றில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இத்தகைய நிலத்தில், மழை தாராளமாகப் பெய்த ஆண்டின் மகசூலை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. மழை ஏமாற்றிய ஆண்டிலும் வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டையும் தரும் பயிர் எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குதிரைவாலியும் சோளமும், அவற்றோடு உளுந்து, பாசிப்பயறு, துவரையும் சேர்ந்த பழைய கலப்பு வெள்ளாமையே முன்னுக்கு வருகிறது.

ஆனால் கடந்த ஆண்டுகளில் கரிசலின் பெரும்பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நல்ல மழையில் அது தரும் மகசூலுக்குச் சிறுதானியம் ஈடாகாது, கோழித்தீவனத்துக்காக வாங்க வியாபாரியும் களத்துக்கே வருகிறார். எனினும் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை தள்ளிப்போனால் மணி பிடிக்காது. வீரிய ஒட்டுவிதையை ஆண்டுதோறும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு அதே பருவத்தில் தமிழக மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அரசு நிவாரணம் வழங்க வேண்டியதாயிற்று. ஒரே பயிரை ஊர் முழுக்க விதைத்தால் ஒரே புழு ஊர் முழுவதையும் கடனில் தள்ளிவிடும். குதிரைவாலியோ ஏறத்தாழ 90 நாளில் அறுவடைக்கு வருகிறது, குறைந்த ஈரத்தில் தாக்குப்பிடிக்கிறது, விதையையும் வீட்டிலேயே எடுத்துவைக்கலாம். முற்றிய கதிர் அடைமழையில் சாய்ந்து உதிர்வது அதன் குறை. ஆகவேதான் அதையும் தனித்து விதைக்காமல் பயறோடு சேர்க்கச் சொல்கிறோம்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் நிலைமை மாறாதா என்று கேட்கலாம். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அத்திட்டத்தை விரைந்து முடிக்கத்தான் வேண்டும். ஆனால் வெள்ள உபரியைக் கொண்டுவரும் கால்வாய், காவிரியே வறண்ட ஆண்டில் எதைக் கொண்டுவரும்? மேட்டுக் கரிசலுக்கு அப்போதும் மழைதான். அரிசிக்குப் பழகிய வாய் சிறுதானியத்தை ஏற்காது என்பது இன்னொரு வாதம். நகரக் கடைகளில் குதிரைவாலி அரிசி பொன்னியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறதே! தடை நாக்கில் இல்லை. தோல் நீக்கிச் சுத்தம் செய்யும் ஆலை பக்கத்தில் இல்லாததும், விலைக்கு உறுதி இல்லாததுமே தடை.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மக்காச்சோளம் இருக்கிறது, குதிரைவாலி இல்லை. பெரும்பகுதி தீவனத்துக்குப் போகும் தானியத்துக்கு விலை அறிவித்துவிட்டு, மனிதர் உண்ணும் தானியத்தைச் சந்தையின் தயவில் விடுவது நியாயமல்ல. 2023 மே முதல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது தமிழக அரசு. அதே வழியில் விருதுநகர் மாவட்டத்துக்குக் குதிரைவாலியைக் கொண்டுவரலாம், சத்துணவிலும் சேர்க்கலாம். ஆவணியில் விதைப்புக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவித்து, திருச்சுழியில் ஒரு தோல்நீக்கும் ஆலையையும் அரசு அமைக்க வேண்டும்.