யாழ்ப்பாணம் - சென்னை: தூரத்தை நிர்ணயிப்பது யார்?

வரைபடமொன்றை எடுத்து, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்கு ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்லும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். பலாலியிலிருந்து ஏறத்தாழ 355. பலாலியிலிருந்து திருச்சியோ 185 கிலோமீற்றர்தான். கொழும்பை விடத் திருச்சியே எமக்கு அருகில் என்பதைப் பாடசாலை மாணவனும் அளந்து சொல்லிவிடுவான்.

ஆனால் எமது பயணத் தூரத்தை அடிமட்டம் தீர்மானிப்பதில்லை. 2017 ஆம் ஆண்டு, சத்திரசிகிச்சைக்காக எனது தமக்கையாரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். இரவு முழுவதும் பஸ்ஸில் தெற்கே ஓடி, கட்டுநாயக்கவில் மணிக்கணக்காகக் காத்திருந்து, பின்னர் விமானமேறி மீண்டும் வடக்கே பறந்தோம். தரைவழியும் வான்வழியுமாக ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர்! யன்னலோரம் இருந்த அக்கா, கீழே தெரிந்த கடனீரேரியைக் காட்டி, "தம்பி, உது எங்கட ஊரெல்லே? இதில இறக்கி எங்களை ஏத்தியிருக்கலாமே" என்றார்.

அக்கா கேட்டது புதுமையான விடயமல்ல. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை விமான நிலையம் என அன்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கித்தான் சென்னை சென்றது. சுதந்திரத்திற்கு முன்னரே சாத்தியமானது, 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் பத்து ஆண்டுகள் சாத்தியமாகவில்லை.

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக நின்றது. அதில் எவருக்கும் குறை கூற முடியாது. ஆனால் கட்டுநாயக்க 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலிக்கு விமானம் திரும்பி வந்ததோ 2022 டிசெம்பர் 12 இல். கிருமி கட்டுநாயக்கவை விட்டு நீங்கி, பலாலியில் மட்டும் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்ததா?

'பயணிகள் போதாது' என்பார்கள். அப்படியானால் இண்டிகோ நிறுவனம் 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது எதற்காக? தருமம் செய்வதற்காக எந்த விமான நிறுவனமும் வருவதில்லை.

'ஓடுபாதை குறுகியது' என்பது அடுத்த காரணம். அது உண்மைதான். ஆகவேதான் ஏ.ரி.ஆர். 72 போன்ற சிறிய விமானங்கள் இங்கு வருகின்றன. அவை மெதுவாகப் பறப்பதால், தூரம் பாதியாக இருந்தும் சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் வரை செல்கிறது. ஓடுபாதையை நீட்டத்தான் வேண்டும். ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. விமான நிலைய விரிவாக்கம் என்ற பெயரில் அவர்களது எஞ்சிய நம்பிக்கையையும் பறிக்கலாகாது. அரச பிடியில் உள்ள நிலத்திற்குள் எது முடியும், எதற்கு எவருடைய காணி தேவை, அதற்கு என்ன இழப்பீடு என்பதை முதலில் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

சலுகை எதனையும் நாம் கேட்கவில்லை. இயற்கை எமக்கு அளித்தது 355 கிலோமீற்றர். அதை 1,000 ஆக்கியவர்கள் கொழும்பில் கோப்புகளுடன் அமர்ந்திருந்தவர்கள். மீண்டும் ஒருமுறை அவ்வாறு செய்ய அவர்களை அனுமதிக்கலாகாது.