கோப்பை வேறை, றேசர் ஒண்டு

2010இல் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் ஐந்து பேர் இருந்தோம். எல்லாரும் அகதி வழக்குக்காரர். எங்களுக்குள் மூத்தவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி இருக்கிறதென்று தெரிந்தது. மனுசன் மறைக்கவில்லை. அன்றிரவே எங்களிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த நாளே அவருக்குக் கோப்பை வேறை, தேத்தண்ணிக் கப் வேறை. அவர் சமைத்த கறியை ஒருவரும் தொடவில்லை. அவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடையிலும் கதை போய், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்தில் வீட்டை விட்டும் போய்விட்டார்.

கோப்பையைப் பிரித்து வைத்தவன் நான்தான். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருசம் கம்பஸில் படித்தவன், எனக்கு விளங்கும் என்று மற்றவர்கள் என்னைத்தான் கேட்டார்கள். நானும் விளங்கினவன் மாதிரிச் சொன்னேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவசரத்துக்கு ஆளாள் றேசரை மாறி எடுத்துச் சேவ் எடுக்கிற வீடு அது. அதை ஒருவரும் பிரிக்கவில்லை!

ஊரில் எங்களுக்குத் தெரிந்தது செங்கமாரி. 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாமில் சனத்துக்குப் பரவியது ஹெப்பற்றைற்றிஸ் ஏ. அது மலம் கலந்த தண்ணீராலும் கழுவாத கையாலும் வருவது. குசினியில் வேலை செய்கிற நாங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பி அப்படியில்லை. இரத்தத்தால், உடலுறவால், பிள்ளைப்பேற்றில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் தொற்றும். ஒன்றாய்ச் சாப்பிட்டாலோ, இருமினாலோ, கட்டிப்பிடித்தாலோ தொற்றாது. ஆனால் காய்ந்த இரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள்வரை தாக்குப்பிடிக்கும். அதனால் வீட்டுக்குள் ஆபத்து றேசரிலும், பல் துலக்குகிற பிரஷிலும், நகம் வெட்டியிலும்தான். அண்ணை சமைத்ததில் ஒரு பிழையும் இல்லை. கை வெட்டுப்பட்டால் மூடிக்கட்ட வேணும், அது குசினியில் எல்லாருக்கும் பொதுவான விதி.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எட்டு வருசம் கழித்து. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது இங்கே வழமையாக எடுக்கிற இரத்தப் பரிசோதனையில் இதையும் பார்த்தார்கள். அப்போதுதான் பழைய வீட்டுக் கதையை வைத்தியரிடம் சொல்லி நானும் சோதித்தேன். நல்லகாலம், இல்லை. ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசியும் போட்டு முடித்தேன். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் நிற்குமாம். கேட்டபோது எனக்குக் கால் நடுங்கியது.

ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். இலங்கையில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியதே 2003இல். அதற்கு முன் பிறந்து வந்த எங்களில் அனேகம் பேர் இரண்டுக்கும் நடுவில் விடுபட்டவர்கள். கனடா குடிவரவு மெடிக்கலிலும் இதை எல்லாருக்கும் பார்ப்பதில்லை. குடும்ப வைத்தியரிடம் நாங்களாகத்தான் கேட்க வேணும். நோயுள்ளவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் ஊசி இலவசம்.

என் கருத்து இதுதான். சொன்னவரை ஒதுக்கினால் அடுத்தவர் சொல்லமாட்டார். சொல்லாத வீட்டில் ஒருவரும் ஊசி போடப்போவதில்லை.

போனவருசம் ஒரு கலியாணவீட்டில் அண்ணையைக் கண்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்து ஒன்றாய்ச் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால், கோப்பையைப் பிரிக்காதையுங்கோ. றேசரைப் பிரியுங்கோ. பிறகு எல்லாருமாய்ப் போய்ச் சோதியுங்கோ.