முதல்வர் தொகுதி என்ற மயக்கம்

தேனி மாவட்டத்தில் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், எந்தக் கட்சி மேடையானாலும் ஒரு வாதம் தவறாமல் வந்து சேரும்: பெரிய தலைவரை ஜெயிக்க வைத்தால் ஊர் தானாக வளர்ந்துவிடும். வி.ஐ.பி. தொகுதி என்ற பெயரை இங்கே பட்டம் போலச் சூடிக்கொள்கிறோம். நான்கே சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட மாவட்டத்துக்கு இந்தப் பட்டியல் உண்மையில் பெரியதுதான். 1984 டிசம்பரில், நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த எம்.ஜி.ஆர்., பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் வென்று முதல்வரானார். 1989-இல் ஜெயலலிதா போடிநாயக்கனூரிலிருந்து சட்டமன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்து எதிர்க்கட்சித் தலைவரானார். 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஆண்டிபட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. பெரியகுளத்தின் உறுப்பினராக 2001-இல் முதல்வரான ஓ. பன்னீர்செல்வம், பிறகு போடியின் உறுப்பினராக மேலும் இரண்டு முறை அந்த நாற்காலியில் அமர்ந்தார். ஆக, மூன்று முதல்வர்கள். தலைவர் வந்தால் வளர்ச்சி வரும் என்பது உண்மையானால், அதற்கு இதைவிடப் பொருத்தமான சோதனைக் களம் கிடையாது. நாற்பது ஆண்டுகளாக நடந்த அந்தச் சோதனையின் முடிவு நம் கண் முன்னால் இருக்கிறது. நம்பிக்கை பொய்த்திருக்கிறது என்பதே என் வாதம்.

மதுரை–போடி ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட அந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவோடு நிறுத்தப்பட்டது. மொத்தத் தூரம் சுமார் 90 கிலோமீட்டர். தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். ஏலக்காய் ஏலம் நடக்கும் நகரம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்தது. ரயில் நின்ற சில மாதங்களில் போடியின் உறுப்பினரான பன்னீர்செல்வம், அந்தக் காலத்தில் நிதியமைச்சராகவும் இருமுறை முதல்வராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். ரயில்வே மத்திய அரசின் துறை, மாநிலத் தலைவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2014 வரை தேனியின் நாடாளுமன்ற உறுப்பினர் டெல்லியை ஆண்ட காங்கிரஸ்காரர். 2019-க்குப் பிறகு டெல்லியை ஆண்ட பா.ஜ.க.வின் கூட்டணிக் கட்சிக்காரர், அதிலும் துணை முதல்வரின் மகன். செல்வாக்கு என்பது மாநிலத்திலும் மத்தியிலும் ஒரே நேரத்தில் கையில் இருந்தும் பாதைக்கான பணம் ஆண்டுதோறும் துளித்துளியாகவே வந்தது.

விடிவதற்கு முன் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் தெருமுனைகளில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். உள்ளே இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பம்மெட்டு, குமுளி பாதைகளிலும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். அந்த ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. மூன்று முதல்வர்களைத் தந்த மண், தன் பெண்களுக்கு உள்ளூரில் நிலையான கூலியைத் தரவில்லை. ஆண்டிபட்டியின் கதை இன்னும் கசப்பானது. வைகை அணை அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது; ஆனால் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்கள் தங்கள் கண்மாய்களுக்கு ஆற்றுநீர் கேட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு முதல்வர்களைத் தேர்ந்தெடுத்த தொகுதியின் கோரிக்கை இது. போடி ஒன்றியத்து அகமலையின் சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளும், போடி முதல்வரின் தொகுதியாக இருந்ததால் நின்றுவிடவில்லை.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: க.விலக்கில் நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரி யாரால் வந்தது? போடியில் அரசு பொறியியல் கல்லூரி எப்படி வந்தது? மறுக்க வேண்டியதில்லை. ஜெயலலிதா ஆண்டிபட்டி உறுப்பினராக இருந்தபோதுதான், 2004-இல், தேனி மருத்துவக் கல்லூரி அமைந்தது. அந்த மருத்துவமனை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மற்ற மாவட்டங்களைப் பாருங்கள். திண்டுக்கல், ராமநாதபுரம், விருதுநகர் உட்பட பதினோரு மாவட்டங்களில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்த மாவட்டங்கள் அதற்காக முதல்வரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்ற கொள்கையால் அவை கிடைத்தன. முதல்வர் தொகுதி என்பதால் நமக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே கிடைத்தது, அவ்வளவுதான். அந்த முந்துதலுக்கு ஒரு விலையும் உண்டு. தேனிக்கு முதல்வரின் தயவால் வந்தது என்று கொண்டாடினால், திண்டுக்கல்லின் நோயாளி பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்ததற்குக் காரணம் அவருடைய ஊரில் முதல்வர் போட்டியிடாததுதான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டும் மருத்துவமனைக்கு இது நேர்மையான அளவுகோலா? இன்று அந்த அளவுகோலை ஏற்றுக்கொள்ளும் ஊர், தலைவர் தொகுதி மாறிப் போன மறுநாள் எந்த உரிமையில் கேட்கும்?

இந்த மாவட்டம் உண்மையில் பெற்ற பெரிய நன்மைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை வேறு வழியில் வந்திருப்பது தெரியும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982-இல் தொடங்கினார். அப்போது அவர் மதுரை மேற்குத் தொகுதியின் உறுப்பினர். அவர் ஆண்டிபட்டிக்கு வேட்பாளராகும் முன்பே ஆண்டிபட்டிக் குழந்தைகள் பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அது தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்குமான விதி. மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது 1996-இல். அன்றைய முதல்வர் கருணாநிதி சேப்பாக்கத்தின் உறுப்பினர். கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை இன்னும் பெரிய சான்று. 1979-இல் 136 அடியாகக் குறைத்த நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது முதல்வர் ஆண்டிபட்டியின் உறுப்பினர்தான். அடுத்த மாதமே கேரளம் சட்டம் இயற்றித் தீர்ப்பை முடக்கியது. அதற்குப் பிறகு இரண்டு கட்சி ஆட்சிகளும் வழக்கைக் கைவிடாமல் நடத்தின. 2011 டிசம்பரில் விவசாயிகளும் பெண்களும் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு கேரளச் சட்டத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டே நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. தீர்ப்பு வந்தபோது முதல்வர் ஸ்ரீரங்கத்தின் உறுப்பினர். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைக் காத்தவை ஒப்பந்தம், வழக்கு, மக்கள் திரள். முதல்வரின் தொகுதி எது என்ற விவரத்துக்கு அதில் வேலையே இல்லை.

இது நம்முடைய பலவீனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கிழக்கு கென்டக்கி, நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மலைநாடு. குடியரசுக் கட்சியின் ஹால் ரோஜர்ஸை 1981-லிருந்து அது இடைவிடாமல் நாடாளுமன்றத்துக்கு அனுப்புகிறது. நாட்டின் செலவினங்களை ஒதுக்கும் சக்திவாய்ந்த குழுவுக்கு 2011 முதல் 2017 வரை அவரே தலைவர். ஒரு நெடுஞ்சாலைக்கு அவருடைய பெயரே வைத்திருக்கிறார்கள். அதே மாநிலத்தின் மிட்ச் மெக்கானல் 2007 முதல் 2025 தொடக்கம் வரை மேலவையில் அக்கட்சியின் தலைவர். இத்தனை செல்வாக்குக்குப் பிறகும் ரோஜர்ஸின் தொகுதி அமெரிக்காவின் மிக ஏழ்மையான தொகுதிகளில் ஒன்றாகவே இருக்கிறது. 2016-இல் டொனால்ட் டிரம்ப், தன் ஒருவனால்தான் நாட்டைச் சரிசெய்ய முடியும் என்று கட்சி மாநாட்டில் முழங்கினார். சுரங்க வேலைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றார். அந்த மலைநாடு வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. அவருடைய முதல் பதவிக்காலம் முடிந்தபோது நாட்டில் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை தொடங்கியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அந்த மக்களின் வாழ்க்கையில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது 2014-இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி: வருமான வரம்புக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு. கென்டக்கியில் காப்பீடு இல்லாதவர் தொகை சட்டென்று சரிந்தது. அந்த விதியைக் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் ரோஜர்ஸும் மெக்கானலும் உண்டு. நம் ஊர்த் தலைவர் என்ற பற்றும், நமக்கு நன்மை தரும் விதி எது என்ற அறிவும் அங்கேயும் எதிரெதிர்த் திசையில் போயின.

பயன் இல்லாவிட்டாலும் கேடு இல்லையே என்று விட்டுவிடவும் முடியாது. தொகுதியைத் தலைவரின் சொத்தாகப் பார்க்கப் பழகிவிட்டால், தலைவர்களின் சண்டைக்கும் தொகுதிதான் விலை கொடுக்கும். 2001-இல் ஆண்டிபட்டி தேர்ந்தெடுத்த உறுப்பினர், பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், தலைவர் ஜெயலலிதாவுக்காக ராஜினாமா செய்தார். மக்கள் கொடுத்த ஐந்தாண்டு ஆணை ஒரு கையெழுத்தில் முடிந்தது. 2017 செப்டம்பரில் அ.தி.மு.க. உட்பூசலில் பதினெட்டு உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது, ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டும் அதில் அடங்கின. 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் இரண்டுக்குச் சட்டமன்றத்தில் குரலே இல்லை. அந்தக் காலத்தில் துணை முதல்வரும் இந்த மாவட்டத்துக்காரர்தான்.

வி.ஐ.பி. தொகுதி என்றால் அதிகாரிகள் பயந்து வேலை செய்வார்கள் என்பது இன்னொரு வாதம். பயம் பதவி இருக்கும்வரைதான். பதவி போனதும் கோப்பு பழைய மேசைக்கே திரும்பிவிடும்; பயத்தில் போட்ட சாலையைப் பராமரிக்க யாரும் பயப்படமாட்டார்கள். தனிமனிதரால் ஆகாதென்றால் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை ஏன் கும்பிடுகிறோம் என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் அந்த நன்றி உண்மையானது. ஆனால் அவர் நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல. பொறியாளராகத் தன் கடமையைச் செய்தவர். 1895-இல் அணை முடிந்தது. அவர் போய் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தண்ணீர் வருகிறதென்றால், 1886-இல் எழுதிய ஒப்பந்தமும் அதைக் காக்க விழிப்போடு இருக்கும் விவசாயிகளும்தான் காரணம். தலைவர்மீது அன்பு வைப்பதும், நம் ஊர் பெயர் நாடெங்கும் ஒலிப்பதில் பெருமைப்படுவதும் தவறல்ல. அந்த அன்பை வளர்ச்சித் திட்டம் என்று எண்ணி ஏமாறுவதுதான் தவறு.

இனி வாக்குக் கேட்டு வருபவரிடம் நீங்கள் எவ்வளவு பெரியவர் என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் பயணத்துக்கும் கூலிக்கும் எந்த விதியைக் கொண்டுவருவீர்கள், ஆண்டிபட்டிக் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த ஆண்டு எந்த நிதியில் வரும், அகமலைச் சாலைக்கு வனத்துறை அனுமதி எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்போம். பதிலைக் கிராம சபையில் பதிவு செய்வோம்; ஆண்டுதோறும் அதே சபையில் கணக்குக் கேட்போம். பதில் சொல்ல முடிந்தவர் புதுமுகமானாலும் அவருக்கே வாக்களிப்போம். நமக்குக் கிடைப்பது தலைவர் மாறினாலும் மாறாத உரிமையாகவும் தமிழ்நாட்டின் எல்லா ஊருக்கும் பொதுவானதாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பெற்றதை மட்டுமே இந்தப் பள்ளத்தாக்கு இதுவரை இழக்காமல் வைத்திருக்கிறது.