புள்ளி அழியாமல் காப்போம்

பல்லாண்டுகளுக்கு முன் நம் துறையில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில், முதிய பேராசிரியர் ஒருவர் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படியொன்றை விரித்துக் காட்டி, எழுத்தெழுத்தாக விளக்கினார். அவ்வுரை டிவிடி தட்டொன்றில் பதிவாயிற்று. பின்னர், இடம் மிச்சமாகும் என்றெண்ணி, இரண்டு மணி நேரப் பதிவை 300 மெகாபைட் அளவுக்குச் சுருக்கிக் கணிப்பொறியில் சேர்த்தோம். தட்டைப் பேணாது விட்டோம். அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர் அதனைக் காண விழைந்தார். பேராசிரியர் முகம் தெரிந்தது, குரல் கேட்டது, ஏட்டின் எழுத்துகளோ கலங்கிக் கிடந்தன. தட்டைத் தேடி எடுத்தோம்; அதுவும் ஓட மறுத்தது.

இவ்விழப்பு சிறிதன்று. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளைக் குறிக்க, நம் முன்னோர் அவ்வெழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளை இட்டனர். புள்ளி மாறின் எழுத்து மாறும். எழுத்து மாறின் பொருள் மாறும். காட்சியைச் சுருக்கும் முறையோ, கண் எளிதில் கவனியாதவை எனக் கருதி நுண்ணிய கூறுகளையே முதலில் கழிக்கிறது. அளவு மீறிச் சுருக்கும்போது முதலில் பலியாவது புள்ளியே.

கோப்பு சிறிதாயிருத்தலே நன்று என்பார் ஒரு சாரார். காட்சியை உயர்தெளிவுக்குப் பெரிதாக்கி வைத்தலே நன்று என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பிழையென்பது நம் துணிபு. நம் நாட்டு டிவிடியின் காட்சி 720க்கு 576 புள்ளிகளே கொண்டது. அதுவும் எம்பெக்-2 முறையில் ஒருமுறை சுருக்கப்பெற்றது. அதனைப் பெரிதாக்குவதால் கோப்பு பருக்குமேயன்றி, இல்லாத விவரம் வந்து சேராது. மீண்டும் சுருக்குவதால் கழிந்தவையோ ஒருநாளும் திரும்பா.

எனவே, இரண்டு படிகள் வேண்டும். முதற்படி, தட்டில் உள்ளதை உள்ளவாறே எடுத்து வைக்கும் மூலப்படி. ஓரடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், ஒரு டெராபைட் வன்தட்டில் இருநூறு தட்டுகள் அடங்கும். இடமில்லை என்னும் வாதம் இனிப் பொருந்தாது. அவ்வன்தட்டுக்கும் வேறோரிடத்தில் ஒரு நகல் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மாணவர் கைப்பேசிக்கு உரிய வழக்குப்படி. 2003இல் வெளிவந்த எச்.264 முறை, எம்பெக்-2 கொள்ளும் இடத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே அதே தெளிவைத் தரவல்லது. இங்கும் கோப்பின் அளவை முன்கூட்டி வரையறுத்தல் தவறு. தரத்தையே வரையறுத்தல் வேண்டும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருள்களில் அதற்கொரு தர எண் உண்டு. எண் குறையக் குறையத் தரம் உயரும். வெறும் மேடைப் பேச்சுக்கு 22 போதும்; ஏடும் கரும்பலகையும் தோன்றும் பதிவுக்கு 18 வேண்டும். எழுத்து மிக நுண்ணிதாய்த் தோன்றும் ஒரு நிமிடத்தை முதலில் சுருக்கிப் படித்துப் பார்த்து, அதன்பின் முழுமையையும் சுருக்குக.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம்: மூலப்படியைத் திறந்து இறுதிவரை ஓட்டிப் பாராமல் எத்தட்டையும் அகற்றலாகாது. ஆசான்களின் குரலும் அவர்கள் காட்டிய எழுத்தும் வருந்தலைமுறைக்கு உரிய அமானிதம். அமானிதத்தைச் சுருக்கிக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை.