யார் அந்தப் பொதுமக்கள்?
வேலைநிறுத்தம் என்றதும் பொதுமக்கள் அவதிப்படுவதாகச் சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். 1955ல் சிங்கப்பூரில் ஹொக் லீ பஸ்கள் நின்றன. 1962 டிசம்பரில் மலாயாவில் ரயில் நின்றது. சனங்கள் சிரமப்பட்டார்கள். மறுக்கவில்லை. ஆனால் ரயில் தொழிலாளி கேட்டதென்ன? நாட்கூலிக்குப் பதில் மாதச் சம்பளம்! மழை பெய்தால் கிராணி பேர் பதியாமல் விட, பிரட்டிலிருந்து வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய நமக்கா அது புரியாது?

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். அந்தச் சைக்கிளால் எந்தப் பொதுமக்களுக்கு என்ன நஷ்டம்? யுத்தத்துக்கு ரப்பர் வேண்டுமாம்! பட்டாளத்தை அனுப்பினார்கள், சுட்டார்கள். மாண்டவர்களை மட்டும் பொதுமக்கள் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.