கட்டத்திற்குள் களாப்பழம்

தமிழில் அயற்சொல் புகுந்துவிட்டதென்று வருந்துவோர் நம்மிடையே பலர். புகுந்ததைக் களைவது கடமையே. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆயின், எவ் அயற்சொல்லும் வந்து தாக்காமலே, ஓசையின்றித் தாமே மாய்ந்துபோகும் தமிழ்ச்சொற்களை எண்ணி வருந்துவோர் எத்தனை பேர்? களா, காரை, சூரை, பாலை என்னும் பழப்பெயர்கள் அவ்வாறு மாய்ந்துகொண்டிருப்பவை. இவற்றை எந்த வடசொல்லும் துரத்தவில்லை. எந்த ஆங்கிலச்சொல்லும் இவற்றின் இருக்கையைப் பறிக்கவில்லை. பழத்தை உண்பார் குறைந்தனர். பெயரைச் சொல்வாரும் குறைந்தனர். அவ்வளவே.

இப்பெயர்கள் மீண்டும் நாவிற்கு வரும் இடம் ஒன்று உண்டு. அது பட்டிமன்ற மேடையன்று; மாநாட்டுப் பந்தலும் அன்று. குறுக்கெழுத்துக் கட்டம்!

ஞாயிறுதோறும் படிப்பகத் திண்ணையில் இதழை விரித்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் கூடிக் கட்டம் நிரப்பும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. ஒருவர் குறிப்பைப் படிப்பார். தூவல் பிடித்தவர் கட்டத்தை எண்ணுவார். ‘முட்புதரில் காய்ப்பது; கிள்ளினால் பால் வடியும்; பழுத்தால் கருக்கும்; ஈரெழுத்து’ என்பது குறிப்பு. பள்ளி மாணவன் முந்திக்கொண்டு ‘நாவல்’ என்பான். நாவலுக்கு மூன்று கட்டம் வேண்டும். நாவலில் முள்ளும் இல்லை. கல்லூரியிற் பயின்ற இளைஞர் வாய் திறவார். தூணில் சாய்ந்து வெற்றிலை மெல்லும் முதியவர், இதழை எழுத்துக்கூட்டியும் படிக்கத் தெரியாதவர், “களா, தம்பி” என்பார்.

சொன்னவர் அதனோடு நிற்கமாட்டார். ஆடு மேய்க்கப் போன காட்டில், காயை உப்புத் தொட்டுத் தின்று பல் கூசியது நினைவிற்கு வரும். சட்டையில் படிந்த கறைக்காக வீட்டில் வாங்கிய அடியும் நினைவிற்கு வரும். அடுத்திருப்பவர் காரைப்பழம் மஞ்சளாகப் பழுக்கும் என்பார். இன்னொருவர் இலந்தையைப் புளியும் மிளகாயும் உப்பும் சேர்த்திடித்து வெயிலில் உலர்த்திய இலந்தை வடையை நினைத்து எச்சில் விழுங்குவார். குறிப்பு ஒன்று, கிளைத்த பேச்சு ஒன்பது. கட்டம் அரைமணி நேரம் அப்படியே கிடக்கும். கிடக்கட்டுமே.

குறுக்கெழுத்து நம் மண்ணிற் பிறந்ததன்று. 1913ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் என்பார் முதலில் வெளியிட்டது அது. ஆனால் தமிழ் அதைத் தன் எழுத்தியல்புக்கு வளைத்துக்கொண்டது. உயிருக்கு ஒரு கட்டம், மெய்க்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கும் ஒரே கட்டம். இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் போதாவென்று, வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் செல்லும் சொற்களையும் சேர்த்துக்கொண்டது. தொல்காப்பியம் ‘பிசி’ எனக் குறிக்கும் விடுகதை மரபு உடையார்க்குக் குறிப்பால் பொருளை மறைத்துக் கேட்பது புதிதா என்ன?

குறிப்பு எழுதுவதில்தான் ஒருவர் தமிழறிவு வெளிப்படும். அகரமுதலிகள் சிலவற்றைப் புரட்டினால் காரைக்கு நேரே ‘ஒருவகை முட்செடி’, சூரைக்கு நேரே ‘ஒருவகை முட்செடி’ என்றிருக்கும். இந்த ‘ஒருவகை’யை வைத்துக்கொண்டு எந்தக் கட்டத்தை நிரப்புவது? கண்டவன், தொட்டவன், தின்றவன் எழுதும் குறிப்பே குறிப்பு. பார்க்காத பழத்திற்குப் பொருளெழுதும் புலமை, ஏட்டுச்சுரைக்காய்ப் புலமை.

மொழிஞாயிறு பாவாணர் உலகவழக்குச் சொற்களை அத்துணை அருமையாகத் தொகுத்த கரணியம் இதுவே. பொதுவிற் பிஞ்சு என்று சொல்லிவிடும் ஒன்றற்கு மரந்தோறும் தனிப்பெயர் வைத்தவர் நம் முன்னோர். மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, எள்ளுக்குக் கவ்வை, இளம்பாக்கு நுழாய். தேரை அமர்ந்ததாற் கெட்டது என்று தேரைக்காய் எனப் பெயரிட்டான் உழவன். கோட்டான் அமர்ந்ததாற் கெட்டது கோட்டான்காய். இவை புலவர் அவையிற் பிறந்த சொற்களல்ல, தோப்பிற் பிறந்தவை. மாங்காய் என்னும் நம் சொல் கடல்கடந்து மேலைமொழிகளில் ஏறியதென்று பெருமை பேசுவோர், வடுவை ஊறுகாய்ச் சாடியில் மட்டுமே அறிவர். மூசு என்றால் விழிப்பர்.

கட்டத்திலோ இச்சொற்கள் அழகாக அமர்கின்றன. இடமிருந்து வலமாக ‘மூசு’ என்று எழுதினால், அச் ‘சு’விலிருந்தே மேலிருந்து கீழாகச் ‘சுளை’ இறங்குகிறது. பிஞ்சும் பழமும் ஓரெழுத்திற் கூடும் இடத்தை மாணவன் ஒருமுறை கண்டுவிட்டால், பத்துத் தேர்வுகளிலும் மறவான்.

அயல்மரத்தை நம்மவர் எதிர்கொண்ட முறையும் எண்ணத்தக்கது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு முள்மரத்தின் காய் கோணிச் சுருண்டிருப்பதைக் கொங்குநாட்டு மக்கள் கண்டனர், கோணப்புளியங்காய் என்றனர். அக்கண்டத்திலிருந்தே வந்த சப்போட்டாவைச் சீமையிலுப்பை என்றனர். இரண்டும் ஒரே மரக்குடும்பம் என்று நிலைத்திணை நூலார் சொல்வது உண்மை. நூலைப் படியாமலே கண்ணாற் கண்டு சொன்னவர் நம் மக்கள். எழுத்தறியாதார்க்கு இருந்த இத்துணிவு, இன்று கடையில் ‘கிவி’ என்று ஒட்டியிருப்பதை அப்படியே ஒப்பிக்கும் பட்டதாரிக்கு இல்லையே!

அச்சப்போட்டாவின் அடியிலேயே இன்னொரு செய்தி புதைந்து கிடக்கிறது. தோட்டத்தில் அதை ஒட்டுக் கட்டுவோர், நம் காட்டுப் பாலையின் கன்றையே வேர்ப்பகுதியாகக் கொள்கின்றனர். இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த பாலை அது; மஞ்சளாய்ச் சிறுத்த இனிய பழம், தின்றால் உதடு ஒட்டும். வன்னிக் காட்டுப் பாலைப்பழம் பருவத்தில் யாழ்ப்பாணச் சந்தைக்கு இன்றும் வருகிறது. ஈழத்துச் சிறுவனுக்கு அச்சொல் உயிரோடிருக்கிறது. இங்கோ, வேர் பாலை, விற்கும் பெயர் சப்போட்டா.

இனி, நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். நாளிதழ்க் கட்டங்கள் திரைப்படப் பெயர்களால் நிரம்பிவிட்டன என்று நாம் பழிக்கிறோம், பழிப்பது சரியே. ஆயின் தனித்தமிழ் அன்பர் அமைக்கும் கட்டங்கள் எப்படி உள்ளன? அரிய இலக்கியச்சொல் பாதி, அலுவலகக் கலைச்சொல் பாதி. தமிழாசிரியர் ஒருவரே தனியே அமர்ந்து நிரப்பி, தாமே மகிழ்ந்து, மடித்து வைத்துவிடலாம். திண்ணைக்கு அங்கே இடமில்லை. வெற்றிலை மெல்லும் முதியவர்க்கும் இடமில்லை. புதிய சொல் ஆக்கும் பணி பெரிது. இருந்த சொல்லைக் கேட்டு வாங்கும் பணி அதனிற் சிறிதன்று. அதற்கோ கால எல்லை உண்டு. சொல்லக்கூடியவர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர்.

ஆகவே கிளைதோறும் திங்களுக்கு ஒரு கட்டம் அமைக்கட்டும். அதில் ஐந்து சொல்லாவது அவ்வூர்க் காட்டிலும் கழனியிலும் கேட்டுவந்தவையாக இருக்கட்டும். குறிப்பை இளைஞர் எழுதட்டும். எழுதியதை முதியவரிடம் படித்துக் காட்டித் திருத்தட்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறினால் மாறிய பெயரையும் சேர்க்கட்டும். கோணப்புளியங்காயும் கொடுக்காப்புளியும் ஒரே கட்டத்தில் இருந்தால் தமிழ் குறைந்துபோகாது.

திண்ணையில் அம்மாணவன் களாவை எழுதி முடித்ததும், “அது எங்கே இருக்கிறது, தாத்தா?” என்று கேட்பான். கேட்காமல் இரான். ஏரிக்கரைப் புதர் சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. ஐயனார் கோயிற்காட்டில் ஒன்றிரண்டு நிற்கக்கூடும்; வெட்டினால் ஐயனார் விடமாட்டார் என்னும் அச்சம் காத்துவைத்தவை அவை. வெயில் தாழ்ந்ததும் இதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்துவர வேண்டியதுதான்.