முப்பது ரூபாய் ரேசர் முகத்துக்கு ஆகுமா?

பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு பெட்டிக் கடை. ஆனி மாதத்தில் ஒரு நாள் அங்கே பஸ்சுக்காக நின்று கொண்டிருந்தேன். நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள் கடைக்காரரிடம் ரேசர் விலை கேட்டுக் கொண்டிருந்தார். மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஆஸ்டலுக்குப் போகிறான். தட்டு, டம்ளர், வாளி, பூட்டு எல்லாம் வாங்கியாகி விட்டது. ரேசர் ஒன்று தான் பாக்கி.

கடைக்காரர் இரண்டு ரேசர்களை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக். விலை 30 ரூபாய். இன்னொன்று அட்டையில் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதன் விலை 300 ரூபாயைத் தொட்டது.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இந்தப் பிளாஸ்டிக்கு நல்லா வழிக்குமா? புள்ள முகத்தைக் கிழிச்சுக்கிட்டான்னா என்ன பண்றது?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சவரம் செய்து கொள்கிறேன். ஆனாலும் என் கையில் இருப்பது தாய்மாமன் கொடுத்த பித்தளை ரேசர். பிளாஸ்டிக் ரேசரை நான் தொட்டதே இல்லை. "நல்லாத் தான் இருக்கும்மா" என்று ஏதோ சொல்லி வைத்தேன். தெரியாத விஷயத்தில் ஆமாம் போட்டு விட்டோமே என்று வீடு வந்து சேரும் வரை மனசு உறுத்தியது.

மறுநாள் நானே ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கினேன். அதே 30 ரூபாய் தான். ஒரு மாதம் அதைப் பரீட்சை பார்த்தேன்.

மாமா சிரித்தார். "பிளாஸ்டிக்கில் பூக்கூடத் தான் விற்கிறான். அதை யாராவது தலையில் வைத்துக் கொள்கிறார்களா?" என்றார்.

இடக் கன்னம், வலக் கன்னம்

என் பரீட்சை இது தான். ஒரே பாக்கெட்டில் இரண்டு புதுப் பிளேடுகளை எடுத்தேன். ஒன்றைப் பித்தளை ரேசரில் போட்டேன். மற்றொன்றைப் பிளாஸ்டிக்கில் போட்டேன். வலக் கன்னத்துக்குப் பித்தளை, இடக் கன்னத்துக்குப் பிளாஸ்டிக். சோப்பு ஒன்று. தண்ணீர் ஒன்று.

முதல் மூன்று நாளும் இடக் கன்னத்தில் ரத்தம் வந்தது. தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறல். படிகாரத்தைத் தேய்த்துக் கொண்டு ஆபீசுக்குப் போனேன். மாமா சொன்னது சரி தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் தான் காரணம் புரிந்தது. குற்றம் ரேசரில் இல்லை, என் கையில் இருந்தது.

பித்தளை ரேசர் கனமானது. அதன் கனமே முடியை வெட்டிக் கொண்டு இறங்கும். கை சும்மா வழி காட்டினால் போதும். பிளாஸ்டிக் ரேசரோ தக்கை போல இருக்கிறது. கனம் இல்லையே என்று கை தானாகவே அழுத்துகிறது. அழுத்தினால் பிளேடு தோலைத் தொடுகிறது. அது தான் கீறல்.

ஐந்தாம் நாள் முதல் அழுத்துவதை விட்டேன். சின்னச் சின்னதாக இழுத்தேன். ஒரு வாரத்தில் கை பழகி விட்டது.

தீர்ப்புச் சொல்ல என் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு நாலு வயது. எந்தக் கன்னத்தில் எந்த ரேசர் என்று அவளுக்குத் தெரியாது. தினமும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து விட்டு, எது குத்துகிறது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் இடது தான் குத்தியது. இரண்டாவது வாரம் ஒரு நாள் இடது என்றாள், ஒரு நாள் வலது என்றாள். மூன்றாவது வாரம், "ரெண்டும் குத்தலை. எனக்கு மிட்டாய் குடு" என்றாள்.

ஆகவே, நல்ல பிளேடு போட்டால் 30 ரூபாய் ரேசர் நன்றாகவே வழிக்கிறது. இது என் முடிவான அபிப்பிராயம்.

பிளாஸ்டிக் ரேசரில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்குக்குக் கீழேயும் மோவாய்க் குழியிலும் பித்தளை அளவுக்கு அது வளைந்து கொடுக்கவில்லை. திருகை இறுக்கினால் மேல்மூடி லேசாக நெளிகிறது. பிளேடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டிக் கொண்டு நிற்கிறது. வாங்கும் போதே பிளேடைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். கோணிக் கொள்ளும்.

வெட்டுவது பிடி அல்ல

சவரக் கத்தியைச் சாணை பிடித்துத் தோல் வாரில் தீட்டிய காலத்தில் பிடியும் அலகும் ஒன்றாகத் தான் இருந்தன. கத்தி நல்ல கத்தி என்றால் அதன் விலையும் அதிகம். தீட்டத் தெரியாதவன் கையில் அது ஆபத்து.

இதை மாற்றியவர் அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட். தேய்ந்தால் தூக்கிப் போடக் கூடிய மெல்லிய தகட்டையே கத்தியாக ஆக்கினால் என்ன என்று அவர் யோசித்தார். யோசனை சுலபம். வேலை தான் கஷ்டம். அவ்வளவு மெல்லிய உருக்குத் தகட்டைப் பதப்படுத்திக் கூர்மையாக்க முடியாது என்று பலரும் கையை விரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற எஞ்சினீயர் தான் அதற்கு வழி கண்டார். 1903-ம் ஆண்டு விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் விற்ற ரேசர்கள் 51 தான்! முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசு தன் படை வீரர்களுக்கு 35 லட்சம் ரேசர்கள் வாங்கிக் கொடுத்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்து பிளேடு துருப்பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் சுவோர்டு நிறுவனம் துருப்பிடிக்காத உருக்கில் பிளேடு கொண்டு வந்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். இன்று பெட்டிக் கடையில் தொங்கும் பாக்கெட்டில் இருப்பதும் அந்த ரகம் தான். அதன் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

முடியை வெட்டுவது இந்தத் தகடு. பிடி பித்தளையா, வெள்ளியா, பிளாஸ்டிக்கா என்பது முடிக்குத் தெரியாது. பிடிக்கு உள்ள வேலை தகட்டைச் சரியான சாய்வில் ஆடாமல் பிடித்துக் கொள்வது. அந்த வேலையைச் செய்ய 300 ரூபாய் தேவை இல்லை.

முடி உருக்கை விட மிருதுவானது. அப்படியிருக்க பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கல்வி நிலையத்தில் இதை ஆராய்ந்து 2020-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். உருக்கு முடியை விட 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி வளைந்து ஒரு கோணத்தில் பிளேடு மீது மோதும் போது, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சில்லுகள் பெயர்கின்றன. எவ்வளவு உயர்ந்த ரேசரும் இதிலிருந்து தப்ப முடியாது. என் முகத்துக்கு ஒரு பிளேடு ஐந்து சவரம் தாங்குகிறது. ஆறாவது தடவை இழுக்கிறது. இழுத்தால் மாற்றி விட வேண்டும். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஐந்து பிளேடு பாக்கெட்டின் விலை ஒரு டீ, வடைக்கு ஆகிற காசு தான்.

இரண்டு, மூன்று, ஐந்து என்று பிளேடுகளை அடுக்கி வைத்த ரேசர்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவை சீக்கிரம் வழிக்கின்றன. வாஸ்தவம். ஆனால் மாற்றுத் தலை ஒன்றின் விலையே பல ரகங்களில் 100 ரூபாயைத் தாண்டுகிறது. மேலும், முன்னால் போகும் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருவது தோலுக்குக் கீழே வெட்டி விடுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகிறது. அவர்களுக்கு ஒற்றைப் பிளேடே நல்லது.

ஒரு குவளைத் தண்ணீர்

பெரிய கம்பெனிகளும் இந்த விஷயத்தில் பாடம் படித்திருக்கின்றன. ஜில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் செய்து, அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்ததும் முடி அடைத்துக் கொண்டது. அங்கே மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக் கொண்டு, தரையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்கிறவர்கள் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் குவளை அவர்கள் யோசனையில் வரவே இல்லை.

பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் இந்திய வீடுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2010-ம் ஆண்டு கார்டு என்ற பிளாஸ்டிக் ரேசரை வெளியிட்டார்கள். ஒற்றைப் பிளேடு. குவளையில் முக்கி அலசினால் முடி போய்விடும். அன்று அதன் விலை 15 ரூபாய். மாற்றுத் தலை 5 ரூபாய். அந்த விலையில் ஒரு ரேசர் செய்ய முடியும் என்றால் மற்றதெல்லாம் எதற்காக அத்தனை விலை என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சரி. நம் ஆஸ்டல் மாணவன் என்ன செய்ய வேண்டும்? குளித்து முடித்த பிறகு சவரம் செய்யட்டும். இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிஷம் முகத்தில் வைத்துக் கொள்ளட்டும். ஊறிய முடி சுலபமாக வெட்டுப்படும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக் கொள்ளலாம். முதலில் முடி வளரும் திசையிலேயே வழிக்க வேண்டும். பிளேடைத் துண்டால் துடைக்கக் கூடாது. உதறிக் காய வைத்தால் போதும்.

ஆளுக்கு ஒன்று

மலிவு ரேசரை நான் ஆதரிப்பதற்குப் பெரிய காரணம் இனிமேல் தான் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மாமாவின் பித்தளை ரேசர் ஒன்று தான் இருந்தது. மாமா, பெரிய அண்ணன், சின்ன அண்ணன், கடைசியில் நான். நாலு பேருக்கும் ஒரே ரேசர். பல நாள் ஒரே பிளேடு. "புதுப் பிளேடு தானே, ஒரு தரம் தானே ஓடியிருக்கிறது" என்பார்கள். எங்கள் வீடு மட்டும் அப்படி என்று நான் நம்பவில்லை. ஆஸ்டல்களில் இன்றைக்கும் நடக்கிறது. "மச்சான், ரேசர் குடுடா" என்றால் மறுப்பவன் சிநேகிதன் இல்லை.

இது தவறு. சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பிளேடில் ஒட்டும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்ற இரண்டு வகை ஈரல் நோய்க் கிருமிகள் ரத்தத்தின் வழியே பரவுகின்றன. இதில் பி வகைக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் கூட, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நோய் இருப்பதே பல பேருக்குப் பல ஆண்டுகள் தெரியாது. பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இல்லை.

ஊரில் உள்ள நாவிதர் இதை எப்போதோ தெரிந்து கொண்டு விட்டார். நல்ல சலூன்களில் போய்ப் பாருங்கள். உங்கள் கண் முன்னே புதுப் பிளேடை உறையோடு இரண்டாக ஒடிக்கிறார். பாதியைக் கத்தியில் பொருத்துகிறார். உங்கள் சவரம் முடிந்ததும் அதை எறிந்து விடுகிறார். அவர் வைத்திருக்கும் ஒழுங்கு நம் வீட்டுக் குளியலறையில் இல்லை!

300 ரூபாய் ரேசர் என்றால் நாலு பேருக்கு நாலு வாங்க யார் வீட்டிலும் யோசிப்பார்கள். 30 ரூபாய் என்றால் ஆளுக்கு ஒன்று வாங்கலாம். ஆளுக்கு ஒரு நிறம் வாங்கினால் மாறிப் போகாது. என்னைக் கேட்டால், உயர்ந்த ரேசர் ஒன்றை வைத்துக் கொண்டு நாலு பேர் வழிப்பதை விட மலிவான ரேசர் நாலு இருப்பது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயம். முழுவதுமே தூக்கி எறியும் ரேசர்கள் இருக்கின்றனவே, அவற்றை நான் சொல்லவில்லை. பிரான்சு நாட்டு பிக் நிறுவனம் 1975-ம் ஆண்டில் கொண்டு வந்த ரகம் அது. பிரயாணத்துக்குச் சரி. தினசரிக்கு வேண்டாம். பிளாஸ்டிக்கையும் இரும்பையும் சேர்த்து அடித்திருப்பதால் காயலான் கடையில் கூட எடுக்க மாட்டார்கள். பிளேடு மாற்றும் ரேசரில் பிளாஸ்டிக் பிடி ஆண்டுக் கணக்கில் வரும்.

பழைய பிளேடை என்ன செய்வது? குப்பைக் கூடையில் அப்படியே போடாதீர்கள். காலையில் நம் தெருக் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலை அது பதம் பார்க்கும். மாமா பழைய பவுடர் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, உண்டியல் போல வைத்திருக்கிறார். ஆறு ஆண்டுகளாகியும் அது நிரம்பவில்லை. இப்போது என் பிளேடுகளும் அதில் தான் விழுகின்றன.

பித்தளை ரேசரை அவரிடமே திருப்பிக் கொடுத்து விட்டேன். "என்னடா, கோபமா?" என்றார். இல்லை மாமா, அது உங்களுடையது, எனக்கென்று பச்சை நிறத்தில் ஒன்று வாங்கி விட்டேன் என்றேன்.